களியும் சோறும் சர்க்கரையும்: தகடூர் மண்ணில் ஒரு நோயின் வரலாறு

 

மலர்க் குழுவினர் வரலாற்றுக் கட்டுரை ஒன்று கேட்டார்கள். அதியமான் கோட்டை, மன்றோ காலத்துப் பாராமகால், பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா என்று நம் மாவட்டத்தில் எழுத எவ்வளவோ இருக்கிறது. அவற்றை எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நம்மில் உண்டு. நான் எடுத்துக்கொண்டிருப்பது நம் சாப்பாட்டுத் தட்டின் வரலாறு. குறிப்பாகச் சொன்னால், களி தின்ற ஊரில் சர்க்கரை நோய் எப்படிக் குடியேறியது என்ற கதை.

"எங்க காலத்துல களியும் கூழும்தான். சுகரும் இல்ல, பிரஷரும் இல்ல. இந்த ரேஷன் அரிசி வந்துதான் எல்லாம் கெட்டுப்போச்சு!" இப்படிச் சொல்லாத பெரியவர் நம் ஊரில் ஒருவராவது உண்டா? கல்யாண வீட்டுப் பந்தியில் பாயாசத்தைத் தள்ளி வைக்கும்போதெல்லாம் இந்தப் பேச்சு வரும். இதில் பாதி உண்மை. மறு பாதியைச் சொல்ல யாரும் இல்லாததால், நாமும் தலையாட்டிவிட்டு ஒரு கிலோ ராகி மாவு வாங்கி வந்து கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். அந்த மறு பாதியைத்தான் இங்கே எழுத முயன்றிருக்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. மருந்து சொல்லப் போவதும் இல்லை. ஆனால் ஓடிக்கொண்டிருந்த ஒன்று ஏன் பழுதானது என்று அடிவரை தேடிப் பார்ப்பது பொறியாளன் தொழில். அந்தப் பழக்கத்தில் படித்ததைப் பகிர்ந்துகொள்கிறேன்.

பழுது எங்கே இருக்கிறது?

சாப்பிட்ட சோறும் களியும் குளுக்கோஸாக மாறி ரத்தத்தில் கலக்கின்றன. அந்தக் குளுக்கோஸ் தசைக்குள்ளும் கொழுப்புத் திசுவுக்குள்ளும் போய்ச் சேர, கணையம் சுரக்கும் இன்சுலின் உத்தரவு கொடுக்க வேண்டும். கல்லீரலுக்கும் "போதும், நீ சர்க்கரை விடாதே" என்று சொல்வது இன்சுலின்தான். உத்தரவு வந்தும் தசையும் கல்லீரலும் சரியாகக் காது கொடுக்காத நிலைக்குத்தான் 'இன்சுலின் எதிர்ப்பு' என்று பெயர்.

நம் ஊர்க்காரர்களுக்குப் புரியும்படி சொல்ல வேண்டுமானால் போர்வெல் மோட்டாரைச் சொல்லலாம். பைப்பில் உப்பு படிந்து அடைத்துக்கொண்டே வருகிறது என்று வையுங்கள். மோட்டார் முக்கி முனகி எப்படியோ தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். தொட்டி நிறைகிறது, நமக்கும் சந்தேகம் வராது. பல வருஷம் கழித்து ஒரு நாள் காயில் எரியும்போதுதான் மெக்கானிக்கைக் கூப்பிடுவோம். கணையம்தான் அந்த மோட்டார். அடைப்பு விழுந்த பைப்புதான் இன்சுலின் எதிர்ப்பு. ரத்தச் சர்க்கரை என்பது தொட்டியின் மட்டம். மட்டம் மாறுவதற்குப் பத்து, பதினைந்து வருஷம் முன்பே அடைப்பு தொடங்கிவிடுகிறது. முப்பதுகளில் இருக்கும் என் போன்றவர்கள் "எனக்கு நார்மல்" என்று சொல்லிக்கொள்வதில் உள்ள ஆபத்து இதுதான்.

பெயர் வைத்த கதை

நோய் புதிதல்ல. சரகரும் சுஸ்ருதரும் மதுமேகம் பற்றி எழுதியிருக்கிறார்கள். நம் சித்த மருத்துவத்தில் நீரிழிவு என்ற பெயர் நெடுங்காலமாக இருக்கிறது. ஒரே இடத்தில் உட்கார்ந்து, நிறையத் தின்று, நிறையத் தூங்குகிறவர்களுக்கு வருவது ஒரு வகை என்றும், மெலிந்தவர்களுக்கு வருவது இன்னொரு வகை என்றும் அந்தக் காலத்திலேயே பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். 1907-இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தில் வெப்ப நாடுகளின் நீரிழிவு பற்றிப் பேச்சு வந்தபோதும், கல்கத்தாவின் வசதியான, படித்த, உட்கார்ந்து வேலை பார்க்கும் வர்க்கத்தாரின் நோய் என்றே அது அடையாளம் காட்டப்பட்டது. குடியானவனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நினைத்தார்கள்.

1921-இல் கனடாவின் டொரண்டோ நகரில் பேண்டிங், பெஸ்ட் ஆகியோர் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. நோய் தீர்ந்தது என்றே உலகம் நினைத்தது. ஆனால் ஊசி எல்லோரிடமும் ஒரே மாதிரி வேலை செய்யவில்லை. லண்டனில் ஹெரால்ட் ஹிம்ஸ்வொர்த் என்ற மருத்துவர் குளுக்கோஸைக் குடிக்கக் கொடுத்து, கூடவே இன்சுலின் ஊசியும் போட்டுப் பார்த்தார். சிலருக்குச் சர்க்கரை இறங்கியது. சிலருக்கு அசையவே இல்லை. நீரிழிவு இரண்டு வகை, அதில் ஒன்றில் உடம்பு இன்சுலினுக்குக் கட்டுப்படுவதில்லை என்று 1936-இல் அவர் எழுதினார். நம் கட்டுரையின் கதாநாயகன் அப்போதுதான் மேடைக்கு வருகிறான்.

1960 வாக்கில் அமெரிக்காவின் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் ரத்தத்தில் உள்ள இன்சுலினை அளக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். அளந்து பார்த்தால் அதிர்ச்சி! நடுவயதில் சர்க்கரை நோய் வந்த பலருக்கு இன்சுலின் குறையவில்லை, அதிகமாகவே இருந்தது. யாலோவுக்கு 1977-இல் நோபல் பரிசு கிடைத்தது. 1988-இல் ஜெரால்ட் ரீவன் இன்னொரு படி மேலே போய், சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தக் கொழுப்பு, மாரடைப்பு எல்லாம் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள், அவற்றுக்கு அடியில் கிடப்பது இன்சுலின் எதிர்ப்பு என்று விளக்கினார். நம் ஊரில் "சுகரும் பிரஷரும் சேர்ந்தே வருது" என்று சொல்வது இதைத்தான்.

அடைப்புக்குக் காரணம் என்ன? செலவாகாமல் மிஞ்சும் உணவைக் கொழுப்பாக்கி, தோலுக்கு அடியில் உள்ள கிடங்கில் உடம்பு சேமிக்கிறது. கிடங்கு நிறைந்துவிட்டால் கொழுப்பு போகக்கூடாத இடத்துக்குப் போகிறது. கல்லீரல், குடலைச் சுற்றிய பகுதி, தசை நார்களின் உட்புறம் என்று வழிந்து தேங்குகிறது. அங்கே தேங்கிய கொழுப்பு இன்சுலினின் உத்தரவை வழியிலேயே மடக்குகிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜெரால்ட் ஷுல்மன் குழுவினர் என்.எம்.ஆர். கருவியைக் கொண்டு தசைக்குள்ளேயே பார்த்து இதை விளக்கினார்கள். சோம்பிக் கிடக்கும் தசை, குறைந்த தூக்கம், பரம்பரை ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன. கவனியுங்கள், கிடங்கின் கொள்ளளவு எல்லோருக்கும் ஒன்றல்ல. நம் ஊர்க் கதைக்கு இது மிக முக்கியம்.

பாராமகாலின் தட்டு

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1792-இல் திப்பு சுல்தானோடு நடந்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் கம்பெனியார் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளராக தாமஸ் மன்றோவும் இங்கே நிலத்தை அளந்து வரி போட்டார்கள். மன்றோ 1799 வரை இந்தப் பகுதியில் இருந்தவர். அவர்கள் அளந்ததில் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. ஏரிக்குக் கீழே கொஞ்சம் நெல், மற்றதெல்லாம் ராகி, சாமை, கம்பு, சோளம், கொள்ளு, அவரை, துவரை. பின்னால் சேலம் மாவட்டத்தில் அடங்கி, 1965 அக்டோபர் 2-இல் தருமபுரி தனி மாவட்டமானபோதும் இந்த நிலை பெரிதாக மாறிவிடவில்லை.

காலையில் கூழ், மத்தியானமும் ராத்திரியும் களி. தொட்டுக்கொள்ள கீரைக் கடைசல், கொள்ளுச் சாறு, அவரைக்கொட்டைக் குழம்பு. வசதிப்பட்டால் மோர். என்றைக்காவது கோழிக் குழம்பு அல்லது கருவாடு. நெல்லுச் சோறு என்பது பொங்கலுக்கும் தீபாவளிக்கும் விருந்தாளி வந்தாலும்தான். "அவங்க வீட்ல தினமும் நெல்லுச் சோறு" என்றால் அந்தக் காலத்தில் அது ஒரு அந்தஸ்து.

அந்தக் களிக்குப் பின்னால் இருந்த உழைப்பையும் பாருங்கள். விடியற்காலையில் திருகையில் மாவு அரைப்பது, கிணற்றில் கமலை இறைப்பது, ஒரு மைல் தள்ளித் தண்ணீர் எடுப்பது, ஏர் பிடிப்பது, சந்தைக்கு நடப்பது! தின்ற களி ராத்திரிக்குள் தசையில் எரிந்துவிடும். கிடங்குக்குப் போக மிச்சமே இருக்காது.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் பெரியவர்கள் சொன்னதே சரி என்று ஆகிவிடும். ஆனால் அதே மண்ணில் இன்னொரு வரலாறும் இருக்கிறது.

1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் பல லட்சம் பேர் மாண்டார்கள். அன்றைய சேலம் மாவட்டமும் கடுமையாக அடிபட்டது. நிவாரண வேலையில் கல் உடைத்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று 1877-இல் சர் ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தார். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதைக் கடுமையாக எதிர்த்தார். வெறும் தானியத்தால் உழைக்கிற உடம்பு தாங்காது, பருப்பு போன்றவையும் வேண்டும் என்பது அவர் வாதம். தட்டில் எவ்வளவு இருக்கிறது என்பதோடு என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்று அன்றே ஒரு அதிகாரி சண்டை போட்டிருக்கிறார்!

1920-களில் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் எலிகளுக்கு இந்தியாவின் வெவ்வேறு பகுதி உணவுகளைக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி கலந்த பஞ்சாப் உணவைத் தின்ற எலிகள் நன்றாக வளர்ந்தன. அரிசியை மட்டும் நம்பியிருந்த சென்னை உணவைத் தின்றவை நோஞ்சானாக நின்றன. குன்னூரில் இருந்த அந்த ஆய்வுக்கூடம்தான் பின்னாளில் ஐதராபாத்துக்குப் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது.

ஆக, நம் முன்னோர் களி தின்று சர்க்கரை இல்லாமல் வாழ்ந்தார்கள் என்பதில் களியின் பங்கு கொஞ்சம், உழைப்பின் பங்கு அதிகம். அரைவயிற்றின் பங்கும் இருக்கிறது. நடுவயதில் வரும் நோயைச் சந்திக்கும் முன்பே பலர் போய்ச் சேர்ந்தார்கள் என்பதும் உண்மை. பசியை நாம் பொற்காலம் என்று கொண்டாட முடியாது.

ரேஷன் கடை வந்தது

1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற முழக்கம் தமிழ்நாட்டின் ஆட்சியையே மாற்றியது. அரிசிக்கு அவ்வளவு ஏக்கம் இருந்தது. 1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் தொடங்கப்பட்டது. 2006-இல் கிலோ 2 ரூபாய், 2008-இல் 1 ரூபாய், 2011 ஜூன் முதல் இலவசம் என்று ரேஷன் அரிசி ஏழை வீட்டு அடுப்புக்கு வந்து சேர்ந்தது. பென்னாகரத்திலும் அரூரிலும் சித்தேரி மலையிலும் 'நெல்லுச் சோறு' தினசரிச் சோறு ஆனது.

இதைக் குறை சொல்கிறவன் நான் இல்லை. மழை பொய்த்த வருஷங்களில் நம் மாவட்டத்துக் குடும்பங்கள் பிழைத்துக் கிடந்தது இந்த அரிசியால்தான். நம்மில் பலர் படிக்க முடிந்ததும் அதனால்தான். ஆனால் அரிசி வந்த அதே காலத்தில் வேறு சிலவும் நடந்தன. கமலை போய் மோட்டார் பம்புசெட் வந்தது. திருகை போய் மிக்ஸி வந்தது. ராகி வயல்கள் தக்காளிக்கும் கரும்புக்கும் மாமரத்துக்கும் மாறின. ஓசூர் சிப்காட்டுக்கும் பெங்களூருக்கும் ஆட்கள் போனார்கள். நடந்தவர் பைக்கில் ஏறினார். கொள்ளும் அவரையும் குறைந்து, ஒரு கரண்டி சாம்பாரைத் தொட்டுக்கொண்டு ஒரு தட்டுச் சோறு என்று ஆனது. டீக்கடையில் நாளுக்கு நான்கு முறை சர்க்கரை.

அரிசி வந்தது மட்டுமல்ல, பருப்பும் உழைப்பும் போனதும் சேர்ந்துதான் இந்த நோயைக் கூட்டி வந்தன என்பது என் கருத்து.

வயிற்றிலேயே எழுதப்பட்ட கணக்கு

அப்படியானால் வெள்ளைக்காரனும் உட்கார்ந்துதானே வேலை பார்க்கிறான், நம்மைவிடக் குண்டாகவும் இருக்கிறான், நமக்கு மட்டும் ஏன் முப்பத்தைந்திலேயே வருகிறது? இங்கேதான் கிடங்கின் கொள்ளளவு விஷயம் வருகிறது.

1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானிய முற்றுகையால் நெதர்லாந்தில் பஞ்சம் வந்தது. அந்தச் சமயத்தில் தாய் வயிற்றில் இருந்தவர்களை ஐம்பது வயதில் சோதித்துப் பார்த்தார்கள். அவர்களுக்குக் குளுக்கோஸைக் கையாளும் திறன் குறைவாக இருந்தது என்று 1998-இல் வெளியானது. அதற்கு முன்பே 1992-இல் இங்கிலாந்தின் ஹேல்ஸ், பார்க்கர் இருவரும் ஒரு கருத்தைச் சொல்லியிருந்தார்கள். வயிற்றில் பட்டினி கண்ட பிள்ளை, வெளியுலகிலும் பட்டினிதான் என்று நம்பித் தன் உடம்பைச் சிக்கனமாக அமைத்துக்கொள்கிறது. வெளியே வந்து பார்த்தால் விருந்து! சிக்கனத்துக்காகச் செய்த உடம்பு விருந்தைத் தாங்குவதில்லை.

நம் நாட்டில் இதை நிறுவிக் காட்டியவர் புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக். 1993-இல் புனே அருகே ஆறு கிராமங்களில் கர்ப்பிணிகளைப் பின்தொடரத் தொடங்கினார். அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரத்துக் குழந்தைகளுக்கோ 3.5 கிலோ. எடை குறைவு என்பது தெரிந்த விஷயம்தான். தெரியாதது என்னவென்றால், நம் குழந்தைகளிடம் குறைந்திருந்தது தசை. தோலுக்கடியில் கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு!

2004-இல் அவரும் லண்டன் நண்பர் யட்கினும் தங்கள் படத்தையே லான்செட் இதழில் வெளியிட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றே, 22.3. ஆனால் உடம்பின் கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். "நான் ஒல்லியாத்தானே இருக்கேன், எனக்கு எப்படி சுகர்?" என்று கேட்கிறவர்களுக்கு இந்தப் படமே பதில்.

நம் மாவட்டத்துக்கு இது வெறும் புனே கதை இல்லை. 2014 நவம்பரில் தருமபுரி அரசு மருத்துவமனையில் சில நாட்களுக்குள் பச்சிளங் குழந்தைகள் பலர் இறந்து நாடே பேசியது நினைவிருக்கும். எடைக் குறைவும் குறைப்பிரசவமும் அப்போது முக்கியக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. அப்படி எடை குறைந்து பிறந்து, பிழைத்து, படித்து, இன்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் தலைமுறை எது? முதல் பட்டதாரிகளான நாம்தான். பாட்டனும் தாயும் கண்ட பசி நம் உடம்பில் எழுதப்பட்டிருக்கிறது. அதன் மேல் விருந்து சாப்பிடுகிறோம்.

எண்கள் சொல்வது

சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948-இல் டாக்டர் எம். விஸ்வநாதன் சர்க்கரை நோய்க்கென்றே தனிப் பிரிவு தொடங்கினார். இந்தியாவில் அதுவே முதல் என்பார்கள். நார்ச்சத்துள்ள உணவை நோயாளிகளுக்கு அவர் வலியுறுத்தினார். 1970-களின் தொடக்கத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாட்டின் பல இடங்களில் கணக்கெடுத்தபோது சர்க்கரை நோய் நகரத்தில் 2.1 சதவீதம், கிராமத்தில் 1.5 சதவீதம். 1990-களின் தொடக்கத்தில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சென்னையில் கண்டது 8.2, கிராமத்தில் 2.4. அதே குழு 2006-இல் எடுத்த கணக்கில் சென்னை 18.6, காஞ்சிபுரம் 16.4, கிராமங்கள் 9.2. அதாவது பதினைந்து, பதினாறு வருஷங்களில் கிராமம் நான்கு மடங்கு ஏறியிருக்கிறது. டாக்டர் வி. மோகன், டாக்டர் ஆர்.எம். அஞ்சனா ஆகியோர் நடத்திய நாடு தழுவிய ஆய்வின் 2023 அறிக்கைப்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி. அதன் வாசற்படியில் நிற்பவர்கள் 13.6 கோடி. பைப் அடைத்து மோட்டார் முக்கிக்கொண்டிருப்பது இந்த 13.6 கோடிப் பேருக்குத்தான்.

ராகிக்குத் திரும்பினால் போதுமா?

2023 சர்வதேசச் சிறுதானிய ஆண்டு. அந்த ஆண்டில் தமிழ்நாடு அரசு நீலகிரி, தருமபுரி ஆகிய இரண்டு மாவட்டங்களில் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி கொடுக்கும் முன்னோடித் திட்டத்தைக் கொண்டு வந்தது. ராகியை விளைவித்த மண்ணுக்கே ராகி திரும்பி வந்தது நல்ல செய்திதான். 100 கிராம் ராகியில் நார்ச்சத்து சுமார் 11 கிராம். தீட்டிய அரிசியில் 3 கிராம்கூட இல்லை. சுண்ணாம்புச் சத்தோ அரிசியைவிடப் பல மடங்கு. 21 நாடுகளில் நடந்த ஓர் ஆய்வு 2020-இல் வெளியானது. வெள்ளைச் சோறு அதிகம் தின்கிறவர்களுக்குச் சர்க்கரை நோய் அபாயம் கூடுகிறது, தெற்காசியாவில் அது இன்னும் அதிகம் என்றது. எனவே பெரியவர்கள் சொன்ன பாதி உண்மைக்கு ஆதாரம் இருக்கிறது.

மறு பாதிக்கும் இப்போது ஆதாரம் வந்திருக்கிறது. மேலே சொன்ன நாடு தழுவிய ஆய்வின் உணவுக் கணக்கு 2025-இல் வெளியானது. ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரம் அதில் இருக்கிறது. இந்தியர் உணவின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. புரதம் 12 சதவீதம்தான். அதில் ஒரு முக்கியமான முடிவு: மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைக்காமல், தீட்டிய அரிசிக்குப் பதில் முழுக்கோதுமை மாவோ சிறுதானிய மாவோ மாற்றிக்கொண்டதால் மட்டும் அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பருப்பு, பால் போன்றவற்றின் புரதத்தை வைத்தவர்களுக்கு அபாயம் குறைவாக இருந்தது.

அதியமான் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனிக் கதை நம் ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். ஒரே கனியில் நீண்ட ஆயுள் கிடைத்துவிட வேண்டும் என்ற ஆசை இன்னும் நம்மை விடவில்லை. இன்று அந்தக் கனியின் இடத்தில் ராகியை உட்கார வைத்திருக்கிறோம். நைஸாக அரைத்து, சலித்து, வெல்லம் போட்டு பிஸ்கட்டும் லட்டும் ஆக்கி, "இது ராகிதானே" என்று நாலு எடுத்துத் தின்றால் அது ராகி இல்லை, சர்க்கரைதான். பழைய தட்டிலிருந்து களியை மட்டும் எடுத்துக்கொண்டு, கூடவே இருந்த கொள்ளுச் சாற்றையும் கீரையையும் உழைப்பையும் விட்டுவிட்டால் கணக்கு நேராகாது. 'மருந்து' என்று ஒரு அதிகாரமே எழுதிய வள்ளுவர் அதில் ஒரு மூலிகையின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. பசித்துச் சாப்பிடு, செரித்த பின் சாப்பிடு, அளவறிந்து சாப்பிடு என்பதையே பல விதமாகச் சொல்கிறார்.

அடைப்பை நீக்க முடியுமா?

முடியும். அதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த நல்ல சேதி. டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் சென்னையில், சர்க்கரை வரும் நிலையில் இருந்த 531 பேரை மூன்று வருஷம் கவனித்தார்கள். 2006-இல் முடிவு வந்தது. ஒன்றும் செய்யாதவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. தினம் அரைமணி நேரம் நடந்து, சாப்பாட்டைத் திருத்திக்கொண்டவர்களில் 39 சதவீதம். எடை பெரிதாகக் குறையாமலே இந்தப் பலன்! நடக்கும் தசைக்கு இன்சுலினின் உத்தரவு இல்லாமலேயே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும் வழி ஒன்று இருக்கிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். பிரிட்டனில் 2017-இல் வெளியான ஆய்வில், நோய் வந்து ஆறு வருஷத்துக்குள் இருந்தவர்கள் மருத்துவர் கண்காணிப்பில் எடையை நன்றாகக் குறைத்தபோது கிட்டத்தட்டப் பாதிப்பேர் ஒரு வருஷத்தில் மாத்திரை இல்லாமலே நோயின் எல்லைக்கு வெளியே வந்தார்கள். (ஏற்கெனவே மாத்திரை, ஊசி எடுத்துக்கொள்கிறவர்கள் தாங்களாக நிறுத்திவிட வேண்டாம். டாக்டரைக் கேட்டே எதையும் செய்யுங்கள்.)

2021 ஆகஸ்டு 5-இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது நம் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில். 2004 வரை அதுவும் நம் தருமபுரி மாவட்டம்தான். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. வயல்காட்டுக் கிராமத்துக்கு அந்த மாத்திரை தேவைப்படுகிறது என்பதிலேயே இந்த வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது. 1907-இல் 'பெரிய மனிதர் நோய்' என்றார்களே, அது எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்!

கடைசியாக, முன்னாள் மாணவர் சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள். ஒன்று: ஆண்டுதோறும் நாம் கூடும் நாளில் ரத்தச் சர்க்கரைப் பரிசோதனையும் ஒரு அளவு நாடாவும் வைப்போம். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் தொட்டி மட்டம் எப்படி இருந்தாலும் பைப்பைப் பார்க்க வேண்டிய நேரம் என்று அர்த்தம். மூன்று மாதச் சராசரி என்று சொல்லும் ஹெச்.பி.ஏ.1சி. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் வாசற்படியில் நிற்கிறோம். 6.5 ஆனால் உள்ளே போய்விட்டோம். இரண்டு: விடுதி மெஸ்ஸில் வாரம் மூன்று நாளாவது சோற்றை ஒரு கரண்டி குறைத்து, கொள்ளோ பயறோ சுண்டலோ முட்டையோ கூட்டித் தர நாம் நிதி உதவி செய்வோம். தம்பி தங்கையருக்கு இந்த வயதில் கட்டும் தசைதான் நாற்பதில் காப்பு. மூன்று: நம் வீடுகளில் கர்ப்பமாக இருக்கும் பெண்களின் தட்டை முதலில் நிரப்புவோம். அடுத்த தலைமுறையின் கிடங்கு அங்கேதான் கட்டப்படுகிறது. "எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தை" என்ற பழக்கம் நம் மாவட்டத்தில் இன்னும் முழுசாகப் போகவில்லை. படித்த நாமாவது அதை நிறுத்துவோம்.

பசியிலிருந்து வெளியே வர நம் ஊருக்கு நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. அந்தச் சோற்றை நம் பாட்டன்மார் எவ்வளவு ஆசையோடு எதிர்பார்த்தார்களோ அவ்வளவு அக்கறையோடு அதை அளந்து உண்பது நம் கடமை. அடுத்த சந்திப்பில் எல்லோரையும் நலமாகக் காண விழைகிறேன்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் சங்கம்!